பாலைவன எருக்குக்குச் சோப்புத் தண்ணீர் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் மோனார்க் வண்ணத்துப்பூச்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் வீட்டு வாசலில் மில்க்வீட் செடி (மோனார்க் புழு தின்னும், எருக்கு இனச் செடி) வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நல்ல யோசனை, அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் நான் இருப்பது அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில். இந்த ஊர்க்காரர்கள் அந்தக் கட்டுரையில் சொன்னபடியே கோடையில் நட்டு, பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீர் அடித்தால் செடியும் போகும், அதை நம்பி வரும் பூச்சிகளும் போகும். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் படம். "மோனார்க் புழு" என்று பெரிதாகப் போட்டிருந்தீர்களே, அதன் முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்புகள் இருக்கின்றன. மோனார்க் புழுவுக்கு இரண்டு ஜோடிதான்: தலைப்பக்கம் ஒன்று, வால்பக்கம் ஒன்று. நடுவில் இன்னொரு ஜோடி இருந்தால் அது குவீன் என்ற வேறு வண்ணத்துப்பூச்சியின் புழு. நம் ஊர் எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் புழுவைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு இது பழகிய உருவம், அதற்கும் மூன்று ஜோடிதான். படம் மாறிப்போனது பெரிய குற்றமில்லை. ஆனால் அதிலேயே ஒரு விஷயம் தெரிந்துவிடுகிறது. மில்க்வீட் என்றால் மோனார்க்குக்குச் சோறு போடும் செடி, வேறு யாருக்கும் அங்கே இலை போடக்கூடாது என்ற நினைப்பிலேயே கட்டுரை முழுக்க ஓடுகிறது.

இந்தப் பாலைவனத்தில் இயற்கையாக வளரும் செடியை இங்கே டெசர்ட் மில்க்வீட் என்கிறார்கள். தாவரவியல் பெயர் அஸ்க்ளெபியாஸ் சுபுலாட்டா. மெக்சிகோக்காரர்கள் அஹமேத்தே என்பார்கள். நம் எருக்கின் உறவுக்காரச் செடிதான், ஆனால் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். இலையே கிடையாது என்று சொல்லலாம். மழை பெய்தால் நூல் மாதிரி சின்ன இலைகள் தலைகாட்டும், கொஞ்ச நாளில் உதிர்ந்துவிடும். மற்ற நாளெல்லாம் ஈர்க்குமாறைத் தலைகீழாக நட்டுவைத்த மாதிரி சாம்பல் பச்சைத் தண்டுகள், மூன்று நான்கு அடி உயரத்துக்கு. இலை செய்ய வேண்டிய வேலையைத் தண்டே செய்துகொள்கிறது. தண்டின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் எளிதில் வெளியே போகாது. சொனோரா, மொஹாவி பாலைவனங்களின் காய்ந்த ஓடைப் படுகைகளும் மணல்வெளியும்தான் இதன் சொந்த இடம். அரிசோனா, தென்கிழக்குக் கலிபோர்னியா, நெவாடாவின் தென்கோடி, அந்தப் பக்கம் மெக்சிகோவில் பாஹா கலிபோர்னியாவும் சொனோரா மாநிலமும். 2023ல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை இந்த ஊரில் தொடர்ந்து 31 நாள் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது, அதாவது 43 செல்சியஸுக்கு மேல். தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் சாகுவாரோ கள்ளிகளே அந்த வருஷம் கை ஒடிந்து விழுந்தன. நான் வேலை செய்யும் இடத்துப் பார்க்கிங்கில் தார்ச்சாலைக்கு நடுவே இருக்கும் மண் திட்டில் இந்த மில்க்வீட்கள் அப்படியே நின்றன.

நான் ஒரு மருத்துவமனையில் இதயநோய்ப் பிரிவில் இரவு ஷிப்ட் பார்க்கும் நர்ஸ். காலையில் வேலை முடிந்து வண்டி எடுக்கப் போகும்போது அந்தத் திட்டின் ஓரமாக நிற்பது பழக்கமாகிவிட்டது. தூக்கத்தைத் தள்ளிப்போட்டுப் பார்க்கிற அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். சொல்கிறேன்.

பூவை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிர் மஞ்சள், பாலேடு நிறம், தண்டின் நுனியில் கொத்தாக வரும். பெரும்பாலான செடிகளில் மகரந்தம் தூளாக இருக்கும், தேனீயின் மேல் அப்பிக்கொள்ளும். இங்கே தூளே இல்லை. மகரந்தம் முழுவதும் மெழுகுபோல் இறுகி, ஜோடி ஜோடியாகச் சின்னப் பைகளில் இருக்கும். இரண்டு பைகளையும் மேலே ஒரு கறுப்புக் கிளிப் இணைத்திருக்கும். பூச்சி தேன் குடிக்க வந்து உட்காரும்போது வழுக்கலில் அதன் கால் பூவின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு குறுகிய இடுக்கில் இறங்கிவிடும். காலை மேலே இழுக்கும்போது கிளிப் மாட்டிக்கொள்ளும், பைகள் இரண்டும் காலோடு வந்துவிடும். அடுத்த பூவில் போய்க் கால் வைக்கும்போது அந்தப் பை அங்கே இருக்கும் இடுக்குக்குள் சரியாகச் சொருகிக்கொண்டால் காய் பிடிக்கும். சொருகாவிட்டால் ஒன்றும் கிடையாது. அதனால்தான் அத்தனை பூ பூத்தும் காய் ஒன்றிரண்டுதான் தொங்குகிறது. இழுக்கிற அளவுக்குப் பலம் இல்லாத பூச்சிகளுக்குக் கால் சிக்கிக்கொண்டு, அங்கேயே உயிர் போவதும் உண்டு. தேனீக்களே சில சமயம் காலை விட்டுவிட்டுப் போகும்.

ஆக, இந்தப் பூவுக்குப் பலசாலி வேண்டும். இங்கே அந்தப் பலசாலி டாரன்டுலா ஹாக் என்கிற குளவி. கருநீல உடம்பு, துருப்பிடித்த ஆரஞ்சு நிற இறக்கை, பெரியது இரண்டு அங்குலம் வரை இருக்கும். டூசானில் இருந்த ஜஸ்டின் ஷ்மிட் என்ற பூச்சியியலாளர் பூச்சிக்கடி வலிக்கு ஓர் அளவுகோல் வைத்திருந்தார். அதில் இந்தக் குளவிக்கு உச்ச மதிப்பெண், 4. வலி சில நிமிஷம்தான் இருக்குமாம், ஆனால் அந்தச் சில நிமிஷத்துக்கு மனிதர் வேறெதையும் நினைக்க முடியாது. பெண் குளவி டாரன்டுலா சிலந்தியைத் தேடிப் பிடித்துக் கொட்டி, அசையாமல் செய்து, வளைக்குள் இழுத்துப்போய் அதன்மேல் ஒரு முட்டை இடும். பொரிந்து வரும் புழு அந்தச் சிலந்தியை உயிரோடு தின்று வளரும். இப்படி ஒரு பயங்கரப் பிறப்பு எடுத்த ஜீவன், வளர்ந்த பிறகு சுத்த சைவம். தேன் குடித்தே காலம் தள்ளும். பார்க்கிங் செடியில் ஒரு குளவியின் பின்னங்காலை நன்றாகக் கவனித்தேன். மூன்று நான்கு ஜோடி மஞ்சள் பைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டியிருந்தன, அதற்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. வம்புக்குப் போகாதவரை அதுவும் நம்மிடம் வம்புக்கு வராது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் நடைபாதையை ஒட்டி இந்தச் செடியை வைக்காமல் நாலடி தள்ளி வைத்தால் போதும்.

அப்புறம் பால். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று நம் பாட்டிமார் சொல்லித்தான் வளர்ந்தோம். இதற்கும் அதே எச்சரிக்கைதான். கிளையை ஒடித்த கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கக் கூடாது. இந்தப் பாலில் ரப்பர் இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குச் சொந்த ரப்பர் வேண்டும் என்று தேடியபோது இந்தச் செடியையும் ஆராய்ந்து பார்த்தார்கள், தொழிலாக வளரவில்லை. அதைவிட முக்கியம், கார்டினோலைடு என்கிற நஞ்சு. அங்கேதான் இந்தச் செடி என் வேலைக்குள் வந்துவிடுகிறது.

இதயம் பலவீனமானவர்களுக்கு, துடிப்பு தாறுமாறாக ஓடுபவர்களுக்கு டிஜாக்சின் என்று ஒரு மாத்திரை கொடுப்போம். ஃபாக்ஸ்குளோவ் இனச் செடியிலிருந்து வந்த பழைய மருந்து. கொடுப்பதற்கு முன்னால் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்து முழுசாக ஒரு நிமிஷம் துடிப்பை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டரைக் கூப்பிட வேண்டும். குணப்படுத்தும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் நடுவே அவ்வளவு குறைந்த இடைவெளி. அளவு மீறினால் பசி போகும், குமட்டும், வாந்தி வரும், சிலருக்குப் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும். டிஜாக்சினும் மில்க்வீட் பாலில் இருக்கும் நஞ்சும் ஒரே குடும்பம். அரளியில் இருப்பதும் எருக்கில் இருப்பதும் அதே வகைதான். எல்லாம் போய் அடைப்பது ஒரே இடத்தை, நம் செல்களில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப்பை.

மோனார்க் புழு இதைத் தின்றுவிட்டு எப்படிச் சாகாமல் இருக்கிறது? அதன் பம்ப்பில் நஞ்சு வந்து ஒட்டும் இடத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன, நஞ்சுக்குப் பிடி கிடைப்பதில்லை. 2019ல் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆட்கள் சாதாரணப் பழ ஈயின் மரபணுவில் அந்த மூன்று மாற்றங்களைச் செய்து பார்த்தார்கள். ஈயும் நஞ்சைத் தாங்கிக்கொண்டது. புழு தின்ற நஞ்சு உடம்பிலேயே தங்கி வண்ணத்துப்பூச்சிக்கும் போகும். லிங்கன் பிரவர் என்ற விஞ்ஞானி 1960களில் கூண்டில் வளர்த்த நீல ஜே என்ற பறவைகளுக்கு இந்தப் பூச்சியைத் தின்னக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் பறவை வாந்தி எடுத்தது, அதற்குப் பிறகு மோனார்க்கைக் காட்டினாலே ஒதுங்கிக்கொண்டது. அந்த வாந்தியைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. எங்கள் வார்டில் டிஜாக்சின் அதிகமானால் முதலில் வரும் குறியும் அதுதான்.

இதற்காக அந்தச் செடி புழுவுக்குப் பரிமாறிவைத்த விருந்து என்று நினைக்க வேண்டாம். அன்றுதான் பொரிந்த குட்டிப் புழுக்கள் பலவும் பாலில் வாய் ஒட்டிச் செத்துப்போகின்றன. இலை இல்லாததால் இங்கே மொட்டு, பூ, இளந்தண்டு, பிஞ்சுக் காய் இவற்றைத்தான் கடிக்க வேண்டும். குவீன் வண்ணத்துப்பூச்சி இந்த ஊர்க்காரன், கோடையிலும் இருக்கும். மோனார்க் வந்து போகிற விருந்தாளி. வெயில் ஏறினால் மேட்டுநிலம் தேடிப் போய்விடும், இலையுதிர் காலத்தில் திரும்ப இந்த வழியாக வரும். அரிசோனாவில் இறக்கையில் ஒட்டுச்சீட்டு ஒட்டிப் பறக்கவிட்ட மோனார்க்குகள் சில மெக்சிகோ மலைக்காடுகளிலும் சில கலிபோர்னியாக் கடற்கரையிலும் கிடைத்திருக்கின்றன. கொஞ்சம் பேர் எங்கேயும் போகாமல் ஃபீனிக்ஸ் பக்கமே குளிர்காலத்தைக் கழிப்பதும் உண்டு.

இனி சோப்புத் தண்ணீருக்கு வருகிறேன். செடியில் மஞ்சள் பூச்சி அப்பியிருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து அடிக்கச் சொல்லியிருந்தார் கட்டுரையாளர். அந்த மஞ்சள் பூச்சி அரளி அசுவினி, செடியின் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சி. எலுமிச்சை மஞ்சள் உடம்பு, கறுப்புக் கால். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து அரளியோடு வந்தது. இந்த ஊரில் வேலிக்கு வேலி அரளிதான், கேட்க வேண்டுமா! ஆணே தேவையில்லாமல் பெண் பெண்ணாகக் குட்டி போட்டுக்கொண்டே போகும். ஒரு வாரத்தில் தண்டு தெரியாது. பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பாட்டிலை எடுப்பதற்கு முன் கண்ணை அந்தத் தண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். மஞ்சளுக்கு நடுவே அங்கங்கே பழுப்பு நிறத்தில் உப்பிப்போன, அசையாத அசுவினிகள் இருக்கும். சிலவற்றின் முதுகில் வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும். கொசுவைவிடச் சின்ன ஒட்டுண்ணிக் குளவி ஒன்று அசுவினிக்குள் முட்டை வைக்கிறது. புழு உள்ளேயே தின்று வளர்ந்து, குளவியாகி, ஓடு மாதிரி காய்ந்த முதுகை வெட்டிக்கொண்டு வெளியே வருகிறது. அதே தண்டில் பொறிவண்டும் அதன் முதலை போன்ற குஞ்சும் மேய்ந்துகொண்டிருக்கும். அந்தரத்தில் அசையாமல் பறந்து நிற்குமே, அந்த மிதவை ஈயின் புழு ஒன்று கண்ணில்லாமல் துழாவித் துழாவி அசுவினியைத் தூக்கி உறிஞ்சும். கொஞ்சம் கீழே காய் இருந்தால் அதில் ஆரஞ்சும் கறுப்புமாக மில்க்வீட் நாவாய்ப்பூச்சிகள் விதையில் ஊசிவாயைச் செருகியிருக்கும். சோப்பு இவர்களில் யாரையும் பிரித்துப் பார்க்காது. குண்டூசித் தலை அளவு இருக்கும் வண்ணத்துப்பூச்சி முட்டையும் குட்டிப் புழுவும் அதிலேயே போய்விடும். எதை வரவழைக்கச் செடி வைத்தோமோ அதையே நம் கையால் கொன்ற கதை. பொறுக்கவே முடியாவிட்டால், முட்டையும் புழுவும் இல்லாத தண்டாகப் பார்த்து விரலால் வழித்துவிடுங்கள், அல்லது தண்ணீரைப் பீய்ச்சுங்கள். வேரோடிய செடி அசுவினியால் சாவதில்லை.

நர்சரியில் வாங்கும்போது நியோனிகோட்டினாய்டு பூச்சிமருந்து போட்டு வளர்த்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அது செடியின் உடம்புக்குள்ளேயே ஊறியிருக்கும், கழுவினால் போகாது. சும்மா கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

கட்டுரையில் சிபாரிசு செய்த சிவப்பு மஞ்சள் பூச்செடி வெப்பமண்டல மில்க்வீட், அஸ்க்ளெபியாஸ் குராசவிக்கா. அழகுதான், எங்கும் கிடைக்கும், சீக்கிரம் வளரும். ஆனால் அது இந்த மண்ணின் செடி இல்லை. குளிர் குறைந்த இடங்களில் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்பதால், மோனார்க்கைத் தாக்கும் ஓ.ஈ. என்ற ஒட்டுண்ணியின் வித்துகள் அதன்மேல் சேர்ந்துகொண்டே போகும். அதைத் தின்ற புழு வளர்ந்து வெளியே வரும்போது இறக்கை விரியாமல் கசங்கிப்போகும். கலிபோர்னியாவில் மரின், வென்ச்சுரா போன்ற சில கவுண்டிகளில் 2022ல் அதை விற்பதற்கே தடை போட்டார்கள். 'டெசர்ட் மில்க்வீடும்தானே குளிர்காலத்தில் பச்சையாக நிற்கிறது?' என்று விவரம் தெரிந்த வாசகர் யாராவது கேட்பார். நியாயமான கேள்வி. அதனால்தான் வித்துகள் சேர்ந்திருக்கக்கூடிய வயதான தண்டுகளை வருஷத்துக்கொரு முறை தரையை ஒட்டி வெட்டிவிடச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மொட்டை அடிக்காமல், பாதிப் பாதியாக.

வெட்டுவது என்றதும் நினைவு வருகிறது. எங்கள் பார்க்கிங் திட்டில் போன வசந்தத்தில் காண்ட்ராக்ட் ஆட்கள் வந்து, நல்ல பூக்காலத்தில், டிரிம்மர் மிஷினால் இந்தச் செடிகளை உருண்டை உருண்டையாகச் சிரைத்துவிட்டுப் போனார்கள். இந்த நகரத்தில் எந்தப் புதரைக் கண்டாலும் பந்து, இல்லாவிட்டால் பெட்டி என்று வெட்டுவது ஒரு வியாதி. பூ வருவது நுனியில், வெட்டுவதும் நுனியை! பூச்சி இருக்கிறது என்று யாரோ புகார் சொன்னதால் மருந்தும் அடித்தார்கள். நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "ஒழுங்கான தோற்றம் முக்கியம்" என்று பதில் வந்தது. இன்னொரு மின்னஞ்சலில், பூச்சி இருக்கும் படங்களையும் மாத்திரை டிராலியில் இருக்கும் டிஜாக்சினுக்கும் இந்தச் செடிக்கும் உள்ள உறவையும் எழுதி அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை, ஆனால் இந்த முறை மிஷின் அந்தத் திட்டுக்கு வரவில்லை. காரணம் என் கடிதமா, பட்ஜெட்டா, கடவுளுக்கே வெளிச்சம்.

மோனார்க் எண்ணிக்கை பற்றிக் கட்டுரையில் சொன்னது பொதுவாகச் சரி. மேற்குப் பகுதி மோனார்க்குகள் 1980களில் கலிபோர்னியாக் கடற்கரையில் லட்சக்கணக்கில் கூடின. 2020 குளிர்காலக் கணக்கில் இரண்டாயிரத்துக்கும் குறைவு, மறுவருஷம் 2 லட்சத்து 47 ஆயிரம், 2024ல் மறுபடி 9,119. இப்படி ஏறி இறங்குவதற்கு ஒரு காரணத்தை மட்டும் கைகாட்ட முடியாது. 2024 டிசம்பரில் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை இதை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்க முன்மொழிந்தது. ஆனால் மோனார்க் வராத வருஷத்திலும் அந்தச் செடியில் குவீன் இருக்கும், குளவி இருக்கும், பொறிவண்டு இருக்கும். அந்த வருஷம் செடி வீண் என்று பிடுங்கிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

கடைசியாக ஒன்று. "கோடை விடுமுறையில் குழந்தைகளோடு சேர்ந்து நடுங்கள்" என்று கட்டுரை முடிந்திருந்தது. நியூஜெர்சிக்கு அது சரியாக இருக்கலாம். ஃபீனிக்ஸ், டூசான், யூமா பக்கம் ஜூன், ஜூலையில் நட்டால் செடியும் கருகும், குழந்தையும் கருகும். இங்கே நடும் காலம் அக்டோபர், நவம்பர். நல்ல வெயில் படும் இடம், தண்ணீர் தேங்காத மண், வேர் பிடிக்கும் வரை தண்ணீர், அப்புறம் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை கோடையில் ஊற்றினால் போதும். சியாட்டில், சிகாகோ வாசகர்கள் இந்தச் செடியைத் தேட வேண்டாம், அவரவர் வட்டாரத்து மில்க்வீடை விசாரித்து வாங்கட்டும். படத்துக்கான திருத்தத்தையும் சோப்பு பற்றிய திருத்தத்தையும் செப்டம்பர் முடிவதற்குள் வெளியிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் நர்சரிக்குப் போவதற்கு முன் படித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
இதயநோய்ப் பிரிவு நர்ஸ், உங்கள் நெடுநாள் வாசகி,
ஃபீனிக்ஸ், அரிசோனா